தப்பிய அடியில் பிறந்த பெயர்

ஸ்னூக்கர் என்றதும் நம் வயதுக்காரர்கள் பலர், "அது வெள்ளைக்காரன் கிளப் ஆட்டம், நமக்கென்ன?" என்று தாண்டிப் போய்விடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்த ஆட்டம் பிறந்தது ஜபல்பூரில். அதற்கு விதி எழுதியது நம் ஊட்டியில். பெயர் வந்ததோ, ஒருவர் சுலபமான பந்தைக் குழியில் போட முடியாமல் கோட்டை விட்டதால்!

1875-ஆம் வருடம், மழைக்காலம். ஜபல்பூர் ராணுவ முகாமில் வெளியே போக வழியில்லாமல் இளம் அதிகாரிகள் பில்லியர்ட்ஸ் மேசையே கதியென்று கிடந்தார்கள். அவர்களில் ஒருவர் நெவில் சேம்பர்லின். (பிற்காலத்தில் ஹிட்லரோடு சமாதானம் பேசப்போன பிரதமர் சேம்பர்லின் வேறு ஆள், பெயர் ஒற்றுமை மட்டும்தான்.) இருந்த ஆட்டம் சலித்துப்போய், இவர் மேலும் சில வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஒரு புது ஆட்டம் கட்டினார். அப்போது இங்கிலாந்தில் ஊலிச் ராணுவப் பள்ளியில் முதலாண்டு மாணவனை 'ஸ்னூக்கர்' என்று கேலியாக அழைக்கும் வழக்கம் இருந்ததாம். நம் கல்லூரிகளில் புதுப் பையனை ராகிங் செய்தபோது கூப்பிட்ட பெயர்கள் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் ஒருவர் குழியருகே இருந்த பந்தைத் தவறவிட்டதும், சேம்பர்லின் அவரை "நீ சரியான ஸ்னூக்கர்" என்று கிண்டலடித்தார். அவர் முகம் வாடக்கூடாதே என்று, "இந்த ஆட்டத்தில் நாம் எல்லோருமே ஸ்னூக்கர்கள்தான்" என்றும் சொல்லி வைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. அறுபது வருடம் கழித்து, 1938-ல், இதையெல்லாம் அவரே ஒரு பத்திரிகைக்குக் கடிதமாக எழுதினார். ஆட்டத்தைக் கண்டுபிடித்தது நாங்கள்தான் என்று வேறு சிலர் கிளம்பியிருந்த நேரம் அது.

ஜபல்பூரிலிருந்து ஊட்டிக்கு எப்படி வந்தது என்றால், சேம்பர்லின் பிற்பாடு மதராஸ் படைத் தளபதி ராபர்ட்ஸிடம் பணிக்கு வந்தார். கோடைக்கு மதராஸ் அரசாங்கமே மூட்டை கட்டிக்கொண்டு மலையேறும் காலம் அது. ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்தான் ஆட்டம் முழு உருவம் பெற்றது. 1880-களின் தொடக்கத்தில் விதிகள் எழுதி மாட்டப்பட்டன.

நம்ம பாண்டி கதை வேறு. பிரெஞ்சுக்காரர் இருந்த இடத்தில் ஆடியது அவர்கள் ஊர் ஆட்டம். பிரெஞ்சில் அதை 'பியார்' என்பார்கள். அந்த மேசையில் குழியே கிடையாது. மூன்றே பந்து. உங்கள் பந்து மற்ற இரண்டையும் தொட்டால் ஒரு புள்ளி, அவ்வளவுதான். குழி இல்லையே, எளிது என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். இங்கிலீஷ் ஆட்டத்தில் பந்து குழிக்குள் போனதா இல்லையா என்பதோடு ஒரு தப்பு மறைந்துவிடும். இங்கே பந்து மேசையிலேயே உருண்டுகொண்டு, நீங்கள் செய்த தப்பை ஊருக்கெல்லாம் காட்டும். போதாதற்கு நம் கடற்கரை ஈரக்காற்று. பச்சைத் துணி ஈரம் குடித்தால் பந்து கனத்துப்போனது போல மெதுவாக ஓடும். ஐரோப்பாவில் இந்த மேசைகளுக்கு அடியிலிருந்து சூடு கொடுத்துத் துணியைக் காய வைக்கிறார்கள்.

அடி தவறுவதற்கு ஆதி காரணம் கோல்தான். பழைய நாளில் கோலின் நுனி வெறும் மரம். பந்தின் நடுவில் இடித்தால் சரி. கொஞ்சம் பக்கவாட்டில் பட்டாலும் சறுக்கிவிடும். இதற்கு வழி கண்டவர் மிங்கோ என்ற பிரெஞ்சுக் கேப்டன். அரசியல் கைதியாகப் பாரீஸ் சிறையில் இருந்தபோது, கோல் நுனியில் தோல் ஒட்டி ஆடிப் பழகினார். 1807-ல் விடுதலையானதும் பந்தைப் பின்னோக்கி வரவைப்பது, வளைந்து போகவைப்பது என்று வித்தை காட்டி ஊரை அசத்தினார். ஆட்டத்தை முழுதாகக் கற்றுக்கொள்ள, இன்னும் கொஞ்ச நாள் உள்ளே இருக்க விடுங்கள் என்று கேட்டார் என ஒரு கதை உண்டு. கதைதான், ஆனால் நம்பத் தோன்றுகிறது!

1835-ல் இன்னொரு பிரெஞ்சுக்காரர், கணித மேதை கொரியோலிஸ், பில்லியர்ட்ஸ் பந்தின் இயக்கத்துக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். புயல் ஏன் சுழல்கிறது என்று வானிலைக்காரர்கள் விளக்கும்போது சொல்கிறார்களே 'கொரியோலிஸ் விசை', அதே ஆள்தான். ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகையில் புயலுக்குக் காத்திருக்கும் நமக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். கோல் பந்தைத் தொடும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு. பிறகு கையால் செய்ய ஒன்றுமில்லை. திசையில் ஒரே ஒரு பாகை பிசகினால், ஆறடி போவதற்குள் பந்து 3 சென்டிமீட்டர் விலகிவிடும். ஸ்னூக்கர் மேசை 12 அடி நீளம் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். ஆகவே நல்ல ஆட்டக்காரன் பழகுவது அடியை அல்ல. முழங்கை தொங்க, முன்கை கடிகாரப் பெண்டுலம் போல, தடுமாற்றம் இல்லாமல் முன்னே போய், பந்தைத் தாண்டியும் கொஞ்சம் போய் நிற்பதைத்தான். ஆயிரக்கணக்கான தடவை செய்து செய்து, அது நினைப்பில்லாமல் நடக்க வேண்டும்.

அந்த நினைப்பில்லாத காரியம் ஒருநாள் நின்றுபோனால்?

ஸ்காட்லாந்துக்காரர் ஸ்டீபன் ஹெண்ட்ரிக்கு அதுதான் நடந்தது. 1990-ல், 21 வயதில், உலக ஸ்னூக்கர் பட்டம். அவ்வளவு சின்ன வயதில் வேறு யாரும் அதை வென்றதில்லை. 1992 முதல் 1996 வரை வரிசையாக ஐந்து முறை. 1999-ல் ஏழாவது. பிறகு ஒரு உலகப் பட்டமும் இல்லை. வயதாகிவிட்டது, ஆசை தீர்ந்துவிட்டது என்று ஊர் பேசியது. பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொன்னார்: சுமார் பத்து வருடமாகக் கோலை நேராகப் பந்துக்குள் செலுத்தவே முடியவில்லை, அடிக்கும் கணத்தில் கை தயங்கி நின்றுவிடுகிறது என்று. கஷ்டமான அடிகளில் அல்ல, குழந்தைகூடப் போட்டுவிடும் அடிகளில். இதில் வேடிக்கை என்னவென்றால், 2012 உலகப் போட்டியின் முதல் நாளில், 43 வயதில், அவர் 147 எடுத்தார். ஸ்னூக்கரில் ஒரே முறையில் எடுக்கக்கூடிய முழு எண்ணிக்கை அது. அதே போட்டியில் காலிறுதியில் 2-க்கு 13 என்று தோற்று, அன்றே ஓய்வை அறிவித்தார். கை மறக்கவும் இல்லை, நினைவிலும் இல்லை. எப்போது வரும், எப்போது வராது என்று தெரியாமல் போவதுதான் கொடுமை.

இதற்கு 'யிப்ஸ்' என்று பெயர். பெயர் வைத்தவர் டாமி ஆர்மர் என்ற பழைய கால்ஃப் ஆட்டக்காரர்; பந்தைக் குழிக்குள் மெல்லத் தட்டும்போது கை வெட்டி இழுத்து, அவரே அவதிப்பட்டவர். அம்பெறியும் டார்ட்ஸ் ஆட்டத்தில் ஐந்து முறை உலக சாம்பியனான எரிக் பிரிஸ்டோவுக்கு, 1980-களின் பிற்பகுதியில், கையிலிருந்த அம்பை விடவே முடியாமல் போயிற்று.

ஆனால் இது விளையாட்டுக்காரர்களின் வியாதி என்று நினைக்காதீர்கள். இதற்கு முன்னோடி நம் இனம்தான், அதாவது குமாஸ்தா இனம்! லண்டனில் சார்லஸ் பெல் என்ற மருத்துவர் 1830-களிலேயே எழுத்துக்காரர்களுக்கு வரும் கைப்பிடிப்பைக் குறித்து வைத்தார். இரும்பு நிப்பு வந்த புதிது. நாள் முழுக்கப் பேரேடு எழுதுகிறவனுக்கு, பேனாவை எடுத்தவுடன் விரல் மடங்கிக்கொள்ளும். அதே விரலால் சட்டைப் பொத்தான் போடுவான், சோறு பிசைவான், ஒரு குறையும் இருக்காது. பேனாவைத் தொட்டால் மட்டும் வராது. பிறகு தந்திக்காரர்களுக்கு வந்தது. இங்கிலாந்தில் 1908-ல் இதை நஷ்டஈடு பெறத்தக்க தொழில்நோயாகவே ஏற்றுக்கொண்டார்கள். தந்தி இலாகாவில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர்கள் யாரேனும் இதைப் படித்தால், 'கட்டுக்கடா' அடித்தே கை போனவர்கள் நம் பக்கம் இருந்தார்களா என்று எழுதுங்கள்.

இன்றைய மருத்துவர்கள் இரண்டு வகை என்கிறார்கள். ஒன்று பயம்: எல்லோரும் பார்க்கிறார்களே என்று, நினைக்காமல் செய்ய வேண்டியதை நினைத்து நினைத்துச் செய்து கெடுத்துக்கொள்வது. மற்றது டிஸ்டோனியா: ஒரே அசைவைப் பல வருடம் திரும்பத் திரும்பச் செய்ததில், அந்த அசைவுக்கு மூளை அனுப்பும் கட்டளையே குழம்பிப்போவது. இரண்டும் கலந்தும் வரும். ஊசி மருந்து உண்டு, எல்லோருக்கும் கேட்பதில்லை. பலருக்கு உதவியது பிடியை மாற்றுவதுதான். ஜெர்மனியின் கால்ஃப் வீரர் பெர்னார்ட் லாங்கர் பிடியைப் பலமுறை மாற்றி, அதற்கிடையே அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் பட்டத்தை 1985-லும் 1993-லும் வென்றுவிட்டார். "மனசை திடப்படுத்திக்கோ" என்று தோளில் தட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். திடமில்லாத மனசுக்காரன் ஏழு முறை உலகப் பட்டம் வாங்குவானா?

எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். சைகோனில் பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு பென்ஷனோடு வந்தவர். அங்கே காபிக்கடைகளில் பியார் ஆடிப் பழகியதாகச் சொல்வார். அவருடைய நண்பர் வீட்டு மாடியில் ஒரு பழைய பிரெஞ்சு மேசை கிடந்தது. ஞாயிறு மாலைகளில் அங்கேதான் இருப்பார். சின்னப் பையன்களான நாங்கள் படிக்கட்டில் உட்கார்ந்து பார்ப்போம். அறுபது வயது தாண்டிய பிறகு ஒருநாள், கோலைப் பின்னே இழுத்தவர் இழுத்தபடியே நின்றார். மறுபடி இழுத்தார். மறுபடி நின்றார்.

"என்ன தாத்தா, அடிக்கலையா?"

"கை போமாட்டேங்குதுப்பா."

நடுக்கம் கிடையாது. காபி டம்ளரைச் சிந்தாமல் பிடிப்பார். பென்ஷன் தாளில் பிரெஞ்சு எழுத்தில் முத்து முத்தாகக் கையெழுத்துப் போடுவார். கோலைப் பிடித்தால் மட்டும் இப்படி. வீட்டுப் பாட்டி, கண்ணு பட்டுடுச்சு என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். நண்பர்கள், குடியைக் குறையும் என்றார்கள். குறைத்தார், அடி திரும்பவில்லை, கோபம் மட்டும் கூடியது.

சில மாதம் மாடிப்பக்கமே வரவில்லை. பிறகு வந்தவர், யாரும் சொல்லாமலேயே கோலை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். பத்து அடிக்கு மூன்று பட்டால் அதிகம். கத்துக்குட்டி மாதிரி கோல் சறுக்கும், அவரே சிரிப்பார். பழைய ஜோடிகள் அவரோடு ஆட மறுத்ததால் எங்களைக் கூப்பிட்டு ஆடச் சொன்னார். எனக்குக் கோல் பிடிக்கக் கிடைத்தது அப்படித்தான். இரண்டு வருடம் போல ஆடியிருப்போம். அப்புறம் மேசைத் துணி கிழிந்தது. மாற்றிப்போட ஊரில் ஆள் கிடைக்கவில்லை. அடியிலிருந்த கற்பலகைகளைத் தனித்தனியாகக் கழற்றி, மாட்டு வண்டியில் ஏற்றி, யாருக்கோ விற்றுவிட்டார்கள்.