கூந்தல் முடிந்த பின்

பாகான் என்றால் மலாய் மொழியில் படகுத்துறை. செராய் என்றால் எலுமிச்சைப்புல். ஆயினும் பேராக் மாநிலத்தின் வடமேற்கிலுள்ள பாகான் செராய்க்குத் தமிழர் வந்தது புல்லை நாடியன்று, கரும்பை நாடி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிரியான் மாவட்டத்துச் சதுப்பு நிலங்களில் எழுந்த கரும்புத் தோட்டங்களுக்காக நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய ஒப்பந்தக் கூலிகளும் அவர்தம் மக்களும், 1906இல் புக்கிட் மேரா நீர்த்தேக்கத்து நீர் பாய்ந்து நெல்வயல்கள் விரிந்ததையும், 1910இல் ஒப்பந்த முறை ஒழிந்து கங்காணி ஆட்சியே நிலைத்ததையும், கரும்பு போய் ரப்பர் வந்ததையும் தம் கண்ணாலேயே கண்டார்கள். அவர்கள் கொணர்ந்தவற்றுள் எந்தச் சுங்கக்காரரும் சோதிக்க முடியாத ஒன்றைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறேன். அது பாரதம் என்ற குடும்பப் பகையின் கதை.

மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டப்பட்ட ஜில்லாக்களுள் வட ஆற்காடும் தென் ஆற்காடும் முக்கியமானவை. திரௌபதி அம்மன் வழிபாட்டின் தாயகமும் அந்தப் பிரதேசமே. செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரிக் கோயிலை மூலஸ்தானமாகக் கொள்வது அங்குள்ளோர் மரபு. பாரதத்தைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூராரும் அதே பிரதேசத்துத் திருமுனைப்பாடி நாட்டவர். பகலில் பாரதப் பிரசங்கியார் வில்லியின் பாட்டைச் சொல்லிப் பொருள் விரிக்க, இரவில் அதே கதையைக் கட்டியங்காரனும் கட்டை கட்டிய வேஷக்காரர்களும் விடியும்வரை கூத்தாக ஆடிக் காட்டுவார்கள். கடல் கடந்த பின்னும் இம்மரபு அறுபடவில்லை என்பதற்குச் சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலே சாட்சி. கோயில் மாரியம்மனுடையதாயினும், ஐப்பசியில் அங்கே நடக்கும் தீமிதி திரௌபதிக்கு உரியது. அரவான் களப்பலியும் படுகளமும் அதற்கு முன்னே நடித்துக் காட்டப்படுகின்றன.

படுகளத்தைச் சற்று நெருங்கி நின்று பார்க்க வேண்டும். திறந்த வெளியில் களிமண்ணால் பிசைந்த துரியோதனன், ஓர் ஆளைப்போலப் பன்மடங்கு நீளத்தில், கண்ணை அகல விழித்தபடி மல்லாந்து கிடக்கிறான். அவன் தொடைக்குள் செங்குழம்பு நிரம்பிய கலயம் புதைந்திருக்கிறது. பீம வேஷக்காரர் கதையால் ஓங்கி அடித்ததும் குழம்பு பீறிட, சபையில் அவிழ்ந்த கூந்தலை அதில் தோய்த்துத் திரௌபதி முடிந்துகொள்கிறாள். சபதம் தீர்ந்தது. கூட்டம் ஆரவாரித்துக் கலைந்திருக்கலாம், ஆனால் கலைவதில்லை. துரியோதனனின் மனைவி பெருந்திருவாள் ஓடி வந்து அந்த மண்மார்பின்மேல் விழுந்து புலம்புகிறாள். சற்றுமுன் வெற்றிக்குக் குரல் கொடுத்த அதே பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். கி.மு. 415இல் கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீஸ் தோற்ற டிராய் நகரத்துப் பெண்களை ஏதென்ஸ் அரங்கில் அழ வைத்ததைப் பெரும் துணிச்சலென்று உலகம் போற்றுகிறது. நம் குடியானவர் அதைத் துணிச்சலென்றே எண்ணாமல் செய்துவந்தார்கள்.

பழியின் கதையில் கதாசிரியனின் தர்மம் அவன் எங்கே நிறுத்துகிறான் என்பதில் இருக்கிறது என்பது என் துணிபு. பாரதியார் பாஞ்சாலி சபதத்தைச் சபதத்தோடு நிறுத்தினார். அதன் முதற் பாகம் வெளிவந்த 1912இல், அடிமைப்பட்ட ஒரு தேசத்துக்கு அதுவே தக்க இடம். வில்லியோ பத்துப் பருவங்களோடு, அதாவது அசுவத்தாமன் நள்ளிரவில் பாசறை புகுந்து பாஞ்சாலியின் ஐந்து புதல்வரையும் கொன்ற சௌப்திக பருவத்தோடு நிறுத்திவிட்டார். முடிந்த கூந்தலுக்கு விலை ஐந்து பிள்ளைகள்! விட்ட பகுதியைப் பாட 18ஆம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை வரவேண்டியிருந்தது. கிரேக்கரிடமும் இதே சங்கடம் உண்டு. கப்பல்களுக்குக் காற்று வேண்டி மகளைப் பலியிட்ட அகமெம்னோனை மனைவி கொல்ல, அவளை மகன் கொல்ல, இந்தச் சங்கிலி எங்கே அறும் என்று தவித்த ஈஸ்கிலஸ், கி.மு. 458இல் அதை ஏதென்ஸின் நியாயஸ்தலத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். சோபோக்ளிஸ் தம் எலெக்ட்ராவைக் கொலையோடே முடித்தார். களப்பலியான மகன் அரவானுக்காக அருச்சுனன்மீது யாரும் வாளெடுத்ததாக நம் கதை சொல்லவில்லை. தகப்பன் செய்த பலியைக் கிரேக்கர் கேள்வி கேட்ட அளவு நாம் கேட்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இக்காலத்து நாவலாசிரியர் கையிலெடுத்திருப்பதும் இந்த நிறுத்துமிடத்தைத்தான். 2017இல் அயர்லாந்துக்காரரான கோல்ம் டோய்பீன், அகமெம்னோனைக் கொன்ற அந்த மனைவி கிளைட்டெம்னெஸ்ட்ராவையே தன் கதையைச் சொல்ல விட்டார். மறு ஆண்டில் பாட் பார்க்கர் டிராய்ப் போரை அடிமையான பிரிசெயிஸின் வாயால் சொன்னார். தமிழில் எஸ். ராமகிருஷ்ணனின் உப பாண்டவம் 2000இல் வந்தது. 2014 முதல் 2020 வரை ஜெயமோகன் வெண்முரசை 26 நாவல்களாக விரித்தார். இவற்றைப் புதுமையென்று கொண்டாடுவோர், பெருந்திருவாளின் புலம்பலை ஒரு முறையேனும் கேட்டபின் கொண்டாடுவது நலம்.

கிரியான் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த முதியோர் உங்கள் வீட்டில் இருந்தால், சிறு வயதில் அவர்கள் பார்த்த கூத்து எந்தக் கட்டத்தில் மங்களம் பாடி முடிந்தது, பெருந்திருவாள் அழுதாளா, அழுதாளெனில் அந்த வேஷத்தைக் கட்டியவர் யார் என்று கேட்டு, தேதியிட்டு எழுதி வையுங்கள்.