செயலிடைத் தசைத்துடிப்பும் அதன் மருத்துவ வரலாறும்

மூச்சும் நாடியும் நின்று மீண்டோர் சிலருக்கு, பிராணவாயுக் குறைவால் மூளை ஊறுபட்டு, ஓய்வில் அடங்கியும் செயலை நாடுங்கால் வெடுக்கென எழுந்தும் தசைத்துடிப்பு வருத்தும். அறிவு தெளிந்திருக்கக் கை மட்டும் பணியாமையின், நடிப்பென்றும் பேய்க்கோளென்றும் பிறர் இகழ்தல் எளிது.

1963இல் லான்ஸ், ஆடம்ஸ் என்னும் மருத்துவர் இருவர் நோயாளர் நால்வரை ஆராய்ந்து இதனைத் தனியே பிரித்துணர்த்தினர். 1970களில் மூளையிற் செரோட்டொனினாக மாறும் பொருளொன்றைக் கொடுத்துப் பார்த்தனர். சிலர் தேறினர், ஆயின் குமட்டலும் பேதியும் உடன்வந்தன. வலிப்பு மருந்துகளான குளோனசெபம், வால்புரோயேட் என்பன அடுத்தும், லெவெடிராசெட்டம் பிற்காலத்தும் இடம்பெற்றன. (வலிப்பு மருந்தெல்லாம் இதற்கு ஆகா, பெனிற்றோயின் பெரும்பாலும் பயனளிப்பதில்லை.) இவை துடிப்பைத் தணிக்குமன்றி மூளையைப் புதுக்கா.

குளோனசெபமோ உறக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தரவல்லது. வட்டவளையின் மலைச்சரிவிற் கொழுந்து கிள்ளுவார்க்கு, விரலின் துடிப்பு அடங்கியும் கால் தள்ளாடின் பயனென்ன? அளவை மெல்ல உயர்த்தலும் நடை பயிற்றலும் மருந்தோடு ஒக்க வேண்டப்படுவன.