பெருமூளை வாதம் உள்ளவர்களின் கை ஏன் மெதுவாகப் போகிறது?

பால்மரம் வெட்டியவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பட்டையைச் சீவ வேண்டும். ஆனால், உள்ளே இருக்கும் மென்படலத்தைக் கத்தி தொடக்கூடாது. இடையில் விட வேண்டிய பட்டையின் கனம் ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர்தான். வெயில் ஏறுவதற்குள் நிரையை முடிக்க வேண்டும் என்று கையை விரட்டினால் மரத்தில் காயம் விழும். காயமே விழாமல் பார்த்துப் பார்த்து வெட்டினால் நிரை முடியாது. பழகிய கை இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகத்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கும்.

வேகம் கூடினால் துல்லியம் குறையும். துல்லியம் வேண்டுமென்றால் வேகத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். ஊசியில் நூல் கோக்கும் பாட்டிக்கும் கைப்பேசியில் தட்டச்சு செய்யும் பேரனுக்கும் இதே விதிதான். பெருமூளை வாதம் உள்ளவர்களும் இந்த விதிக்குள்தான் இருக்கிறார்கள். ஆனால், அதற்கு அவர்கள் கொடுக்கும் விலை பல மடங்கு அதிகம். இது தெரியாததால்தான் சட்டைப் பொத்தானைப் போட பத்து நிமிடம் எடுக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்கிறோம், மந்தம் என்கிறோம், நாமே பொத்தானைப் போட்டுவிடுகிறோம்.

மூளையில் எங்கே அடி?

மருத்துவமனையில் ‘செரிப்ரல் பால்சி’ என்பார்கள். கருவில் இருக்கும்போதோ, பிரசவத்தின்போதோ, பிறந்த சில காலத்திற்குள்ளோ வளரும் மூளைக்கு ஏற்படும் பாதிப்பு இது. ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய இருவருக்கு வருகிறது. மூளையில் விழுந்த அடி பிறகு பெரிதாவதில்லை. ஆனால், வயது ஏற ஏற தசையும் மூட்டும் மாறிக்கொண்டே போகும்.

பெரும்பாலானவர்களுக்கு இறுக்க வகை. தசை விறைத்துக்கொள்ளும். ஒரு பக்கக் கை கால் மட்டும் பாதிக்கப்படலாம், இரு கால்களும் பாதிக்கப்படலாம், நான்கும் பாதிக்கப்படலாம். இன்னொரு வகையில் உடல் தன் விருப்பத்துக்கு அசையும், முறுக்கிக்கொள்ளும். மூன்றாவது வகையில் கை நடுங்கித் தடுமாறும், நடை தள்ளாடும். ஒருவரிடமே இரண்டு வகைகள் கலந்திருப்பதும் உண்டு.

இரண்டாவது வகையைப் பற்றி ஒரு செய்தியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தைக்கு வரும் மஞ்சள் காமாலை அளவுக்கு மீறினால், அசைவைச் சீராக்கும் மூளைப் பகுதியை அது நேராகத் தாக்கும். நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஜி6பிடி குறைபாடு உள்ளதா என்று சோதிப்பதற்கும், தாதியர் வீடு தேடி வந்து குழந்தையின் நிறத்தைப் பார்ப்பதற்கும் இதுவே காரணம். காலை வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். ஜி6பிடி குறைபாடு உள்ள குழந்தையின் துணி அலமாரியில் பூச்சி உருண்டையும் வேண்டாம்.

இரண்டு உலோகத் தட்டுகள்

கையின் வேகத்தையும் துல்லியத்தையும் சேர்த்து அளந்த முதல் பெரிய ஆய்வு 1899இல் வந்தது. செய்தவர் அமெரிக்காவின் ராபர்ட் உட்வொர்த். தாளக் கருவியின் ஓசைக்கு ஏற்ப மக்களைக் கோடு போடச் சொன்னார், கண்ணைத் திறந்து ஒரு முறை, மூடி ஒரு முறை. மெதுவாகப் போடும்போது திறந்த கண் உதவியது. வேகம் கூடக் கூட, கண் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் தவறு ஏறக்குறைய ஒரே அளவானது. ஓர் அசைவில் முதலில் ஒரு பாய்ச்சல், பிறகு பார்த்துத் திருத்தும் நேரம் என்று இரண்டு பகுதிகள் உள்ளன. அவசரப்பட்டால் திருத்தும் நேரம் இல்லாமல் போகிறது என்பது அவர் கண்டது.

1954இல் போல் ஃபிட்ஸ் இன்னும் எளிமையாகச் செய்தார். இரண்டு உலோகத் தட்டுகளை வைத்து, கையில் ஒரு கோலைக் கொடுத்து, மாறி மாறித் தட்டச் சொன்னார். தட்டின் அகலம் 2 அங்குலத்திலிருந்து கால் அங்குலம் வரை. இடைவெளி 2 அங்குலத்திலிருந்து 16 அங்குலம் வரை. இடைவெளியை இரட்டித்தால் ஒரு தட்டுக்கு ஆகும் நேரம் ஒரு படி ஏறியது. தட்டின் அகலத்தைப் பாதியாக்கினாலும் அதே ஒரு படிதான் ஏறியது. தூரத்தையும் அகலத்தையும் சேர்த்தே இரட்டித்தால் நேரம் ஏறக்குறைய மாறவில்லை. இன்று கைப்பேசித் திரையில் பொத்தான் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்பவர்களும் இந்த விதியைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்.

பெருமூளை வாதம் உள்ளவர்களிடம் அந்தப் படி உயரமாகிவிடுகிறது. அகலத் தட்டைத் தொட மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் போதுமாக இருப்பவருக்கு, தட்டு சிறிதானால் தேவைப்படும் நேரம் எங்கோ போய்விடும். ‘இதைச் செய்கிறானே, அதை மட்டும் ஏன் செய்ய மாட்டேன் என்கிறான்?’ என்று அம்மாக்கள் கேட்பதற்கு விடை இங்கே இருக்கிறது. பந்தைத் தள்ளிவிடும் கைக்கு ஒரு சில்லறைக் காசைப் பொறுக்குவது வேறு வேலை.

மெதுவாகப் போவதற்குக் காரணமும் எல்லாருக்கும் ஒன்றல்ல. இறுக்க வகையில் தசையே பலமிழந்து விறைத்திருக்கிறது; கையை நீட்டும் அசைவு ஒரே வீச்சாக இல்லாமல் துண்டு துண்டாக உடைந்து, ஒவ்வொரு துண்டும் ஒரு திருத்தமாகிறது. தானே அசையும் வகையில் நடப்பது வேறு. மூளை தசைக்கு அனுப்பும் கட்டளையில் எல்லாருக்கும் கொஞ்சம் இரைச்சல் உண்டு. கட்டளை பலமாக இருந்தால் இரைச்சலும் பெரிதாகும் என்று 1998இல் ஹாரிஸ், வோல்பர்ட் என்ற இருவர் விளக்கினர். இந்த வகை உள்ளவர்களுக்கு அந்த இரைச்சல் முதலிலேயே அதிகம். வேகமாக வீசினால் கை எங்கோ போகும். எனவே அவர்கள் வேகத்தைக் குறைத்து, இலக்கை எட்டுகிறார்கள். நாம் குறை என்று பார்க்கும் மெதுநடை, அந்தப் பிள்ளை தானே கண்டுபிடித்த உத்தியாக இருக்கலாம்.

அப்படிப்பட்டவரிடம் போய் ‘சீக்கிரம்’ என்றால் என்ன ஆகும்? பதற்றத்தில் முறுக்கு அதிகமாகும், பலர் பார்க்கிறார்கள் என்றால் இன்னும் அதிகமாகும். ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டியது பத்து நிமிடமாகும். கடையில் பணம் எடுத்துக் கொடுக்கும்போது பின்னால் நிற்பவர் விடும் பெருமூச்சுக்கும் அதே விளைவுதான்.

ஓடுவது வேறு

2016 ரியோ பாராலிம்பிக்கில் 100 மீட்டரை 12.07 வினாடியில் ஓடித் தங்கம் வென்றவர் நம் நாட்டின் முகமட் ரிட்சுவான் முகமட் புசி. பாராலிம்பிக்கில் மலேசியாவின் முதல் தங்கம் அது. அவருக்குப் பெருமூளை வாதம் உண்டு. ஓடியது டி36 பிரிவில். நேர்ப்பாதையில் ஓடுவதற்குச் சின்ன இலக்கு எதையும் தொட வேண்டியதில்லை. அங்கே பயிற்சி வேகமாக மாறுகிறது.

போச்சியா விளையாட்டு இதற்கு நேர் எதிர். வெள்ளைப் பந்துக்கு எவ்வளவு அருகில் தன் பந்தை நிறுத்துகிறார் என்பதே கணக்கு. ஒரு சுற்றில் ஆளுக்கு ஆறு பந்துகள். வீச முடியாதவர் சாய்தளத்தில் பந்தை உருட்டிவிடலாம், அதற்கு உதவியாளரும் உண்டு. அந்த உதவியாளர் ஆட்டக்களத்தைத் திரும்பிப் பார்க்கக்கூடாது. எங்கே குறிவைப்பது என்ற முடிவு முழுக்க ஆட்டக்காரருடையது. கை செய்ய முடியாததை எடுத்துவிட்டு, அறிவு செய்வதை மட்டும் அளக்கும் ஏற்பாடு இது. நம் தேர்வு அறைகளுக்கு இதில் பாடம் இருக்கிறது என்பது என் கருத்து.

பெருமூளை வாதம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அறிவுத்திறனில் குறை இல்லை. வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் பாடம் அழிக்கப்பட்டால், அங்கே அளக்கப்படுவது கைதான். எஸ்.பி.எம். போன்ற தேர்வுகளில் சிறப்புத் தேவையுடைய தேர்வர்களுக்குக் கூடுதல் நேரம் உண்டு. அதைப் பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். ஓ.கே.யூ. அட்டை இல்லையென்றால் முதலில் ஜே.கே.எம். அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். பெருமூளை வாதம் உடல் குறைபாட்டுப் பிரிவில் வரும். ‘பிள்ளைக்குப் பெயர் கெட்டுவிடும்’ என்று அட்டை எடுக்காமல் இருக்கும் குடும்பங்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. இழப்பது பிள்ளையின் நேரம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

தட்டை அகலமாக்குங்கள், அருகில் கொண்டுவாருங்கள். ஃபிட்ஸ் சொன்ன இரண்டு வழிகளும் இவைதான். சின்னப் பொத்தானுக்குப் பதில் ஒட்டும் பட்டை. மெல்லிய கரண்டியின் காம்பில் துணியோ ஸ்பாஞ்சோ சுற்றிக் கனமான பிடி. தட்டு வழுக்காமல் அடியில் ஈரத்துணி. விசைப்பலகையின் மேல் ஓட்டையிட்ட பலகை ஒன்றைப் பொருத்தினால் விரல் பக்கத்து எழுத்தில் விழாது. கையை அதன்மேல் ஊன்றிக்கொள்ளவும் செய்யலாம்.

கைப்பேசி அமைப்புகளில் ‘அக்சஸிபிலிட்டி’ என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். ஆண்ட்ராய்டில் விரல் எவ்வளவு நேரம் அழுத்தினால் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதை நீட்டலாம். விண்டோஸ் கணினியில் ஷிஃப்ட் விசையை ஐந்து முறை அழுத்தினால், இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டிய வேலையை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வழி திறக்கும். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

கையைப் பார்ப்பதற்கு முன் உட்காரும் விதத்தைப் பாருங்கள். கால் தொங்கிக்கொண்டு, இடுப்பு சரிந்திருக்கும் பிள்ளை, விழாமல் இருப்பதற்கே பாதிச் சக்தியைச் செலவிடுகிறது. பாதம் தரையிலோ பலகையிலோ ஊன்றி, முதுகுக்குப் பிடிமானம் கிடைத்தால் அதே கை இன்னும் நேராகப் போகும். இதைச் செயல்முறைச் சிகிச்சையாளர் பார்த்துச் சொல்வார். ஊரிலுள்ள பி.டி.கே. மையத்தில் விசாரிக்கலாம், 1984இல் திரெங்கானு, பத்து ராக்கிட்டில் தொடங்கிய இத்திட்டம் இன்று நாடு முழுவதும் இருக்கிறது.

பயிற்சி உதவும், கட்டாயம் உதவும். ஆனால், தசை இறுக்கத்தைக் குறைக்கும் ஊசியோ மருந்தோ துல்லியத்தைத் தானாகக் கொண்டுவராது. ஊசிக்குப் பிறகு அந்தக் கை செய்து பழகும் வேலைதான் கொண்டுவரும். பழகுவதற்கு, பொத்தானை அவனே போட விட வேண்டும். பள்ளி வேன் வரும் காலை வேளையில் அது நடக்காது என்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நடக்கும்.

பேச்சும் ஓர் அசைவுதான். நாக்கும் உதடும் செய்வதைப்போல நுணுக்கமான வேலை உடம்பில் குறைவு. எனவே பேச்சு குழறுபவரிடம் கேள்வி கேட்டால், பதில் வரும்வரை நில்லுங்கள். பக்கத்தில் இருக்கும் அம்மாவைப் பார்த்துக் கேட்காதீர்கள். வாக்கியத்தை நீங்களே முடித்தும் வைக்காதீர்கள். பாதி நேரம் அவர் சொல்ல வந்தது வேறாக இருக்கும்.