அலைவரிசையில் ஒரு வெற்றிடம்: விருதுநகர்ப் பிரதேசமும் பண்பலை ஒலிபரப்பின் ஒருமுகப் போக்கும்

சிவகாசியிலும் சாத்தூரிலும் தீப்பெட்டி ஆபீஸ்களில் கட்டை அடுக்கும் பெண்களும், வீட்டுத் திண்ணைகளில் பெட்டி ஒட்டும் முதியவர்களும், அச்சாபீஸ்களில் காலண்டர்த் தாள்களைச் சேர்த்துக் கட்டும் இளைஞர்களும், கண்ணையும் கையையும் தொழிலுக்கு ஒப்படைத்துவிட்டுச் செவியை மட்டும் தமக்கென்று வைத்துக்கொண்டிருக்கிற ஜனங்கள். பட்டாசு ஆலையில் மருந்து கையாளும் அறைக்குள் தீப்பொறிக்கு இடந்தரும் சாதனம் எதுவும் நுழையலாகாது என்பது சட்டமும் அனுபவமும் ஒருங்கே வகுத்த விதி. அந்த அறைகளுக்கு அப்பாலோ, ஒரே அசைவை நாள் முழுதும் திரும்பத் திரும்பச் செய்யும் உழைப்புக்கு வானொலியைப் போல் இசைவான துணை வேறில்லை. இத்தகைய நேயர் நிறைந்த பிரதேசத்தில் வானொலி எதை ஒலிக்கிறது, எதை ஒலிக்காமல் விடுகிறது என்பது ஆராயத்தக்க விஷயம். மாநகரங்களிலும் மாற்று ராக் (ஆல்டர்நேட்டிவ் ராக்) இசை போன்ற சிறுபான்மைச் சுவைகளுக்கு நிலையம் இல்லாது போகிறதே, அதற்கும் இந்தக் கரிசல் சீமையின் நிலைக்கும் மூலகாரணம் ஒன்றே என்பதும், அக்காரணம் நேயரின் அபிருசியில் இல்லை, அலைவரிசையைப் பங்கிடும் முறையிலும் நேயரைக் கணக்கெடுக்கும் முறையிலுமே இருக்கிறது என்பதும் இக்கட்டுரை நிறுவ விழையும் கருத்தாகும்.

பழைய வெற்றிடம்

நம் நாட்டு வானொலியில் முதலில் தோன்றிய பெரிய வெற்றிடம் அரசின் ஏகபோகத்தால் நேர்ந்தது. 1952இல் தகவல், ஒலிபரப்பு அமைச்சுப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், சாஸ்திரீய சங்கீதத்தின்பால் கொண்டிருந்த பக்தியினால், அகில இந்திய வானொலியில் திரையிசைக்கு இருந்த இடத்தை வெகுவாகக் குறைத்தார். ஜனங்களின் விருப்பமோ அமைச்சரின் உத்தரவுக்குக் கட்டுப்படவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேயர் கொழும்பில் நிறுவிய ஒலிபரப்பு நிலையத்தின் வாரிசாக வந்த இலங்கை வானொலி, அவ்விடத்தைத் தயங்காமல் எடுத்துக்கொண்டது. தென்மாவட்டங்களின் தேநீர்க் கடைகளிலும் ஆலை வாசல்களிலும் அதன் தமிழ்ச் சேவை பெற்ற செல்வாக்கை அக்காலத்தவர் இன்றும் நெகிழ்ந்து பேசுவர். அதன் அறிவிப்பாளர்களான கே. எஸ். ராஜாவும் பி. எச். அப்துல் ஹமீதும் இக்கரையிலும் வீட்டு மனிதர்களாகவே மதிக்கப்பட்டனர். 1957 அக்டோபர் 3 அன்று அகில இந்திய வானொலியின் விவித் பாரதி சேவை தொடங்கப்பெற்றதற்கு, கடல் கடந்து சென்ற நேயர்களை மீட்க வேண்டிய அவசியமே பிரதான காரணம்.

இந்த வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்று: ஒரு சுவைக்கு அலைவரிசையில் இடம் மறுக்கப்படுவதால் அச்சுவை அழிந்துவிடுவதில்லை, அது வேறு கரையைத் தேடிப் போகிறது.

போட்டி ஈன்ற ஒற்றுமை

அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. 2001இல் பெங்களூரில் முதல் தனியார் பண்பலை நிலையம் ஒலிக்கத் தொடங்கியது. ஏகபோகம் ஒழிந்தால் பன்மை மலரும் என்ற நம்பிக்கை அன்று பரவலாக இருந்தது. பலன் என்ன? மதுரையில் இன்று சூரியன், ஹலோ, மிர்ச்சி, ரேடியோ சிட்டி என நான்கு தனியார் நிலையங்கள் இருக்கின்றன. பெயரும் விளம்பரப் பாட்டும் அறிவிப்பாளர் குரலும் வேறுபடினும், நான்கும் திரைப்பாடலையே மூலதனமாகக் கொண்டவை. முள்ளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திருப்பும் நேயர் பல வேளைகளில் ஒரே படத்தின் பாடலையே மீண்டும் எதிர்கொள்கிறார்.

இதற்கு நிலையத்தாரின் ரசனைக்குறைவைக் காரணமாகக் கூறுவது நியாயமாகாது. கேஸ்கர் பதவியேற்ற அதே 1952இல், பீட்டர் ஸ்டைனர் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் வானொலிப் போட்டியைப் பற்றி எழுதிய ஆராய்ச்சி இப்புதிரை விடுவிக்கிறது. அவர் காட்டிய தர்க்கத்தை நம் சூழலுக்கேற்ற ஓர் உதாரணத்தால் விளக்குவோம். நூறு நேயர் உள்ள ஊரில் எண்பது பேர் திரைப்பாடலையும், பதினைந்து பேர் திரைசாரா இசையையும், ஐந்து பேர் தொழில் சார்ந்த உரைகளையும் விரும்புவதாகக் கொள்வோம். தனித்தனி உரிமையாளரின் நிலையங்கள் நான்கு இருந்தால், எண்பது பேரைப் பங்கிட்டுக்கொண்டாலும் ஒவ்வொன்றுக்கும் இருபது பேர் கிடைப்பர். ஐந்தாவது நிலையம் வந்தாலும் தலைக்குப் பதினாறு தேறும். பதினைந்து பேரின் சுவையை நாடிப் போவது ஆறாவது நிலையத்துக்கே லாபகரமாகும். ஏனெனில் திரைப்பாடலில் அதற்குக் கிடைக்கக்கூடிய பங்கு பதின்மூன்று பேரைச் சற்றே தாண்டும். ஐவரின் விருப்பத்துக்கோ அப்போதும் இடமில்லை. ஆனால் மூன்று அலைவரிசைகள் ஒரே உரிமையாளரிடம் இருக்குமாயின், தன் நேயரைத் தானே பறித்துக்கொள்வதில் அவருக்கு லாபம் ஏதுமில்லையாதலால், மூன்று சுவைகளுக்கும் தனித்தனியே இடந்தந்து நூறு பேரையும் அடைய முற்படுவார். ஆகவே, நிலையங்களின் எண்ணிக்கை வேறு, சுவைகளின் எண்ணிக்கை வேறு.

மாநகரத்தின் பெருந்திரளும் இவ்விதிக்கு விலக்காகவில்லை. நியூயார்க்கில் 92.3 அலைவரிசையில் 2017இல் மாற்று ராக் இசைக்கென்று எழுந்த நிலையம், 2022 அக்டோபரில் ஒரு செய்தி நிலையத்தின் மறுஒலிபரப்பாக மாறிற்று. வாஷிங்டன் வட்டாரத்தில் அவ்விசைக்குப் பல்லாண்டு தாயகமாயிருந்த டபிள்யூ.எச்.எஃப்.எஸ். 2005 ஜனவரியில் ஒரே நாளில் ஸ்பானிய இசைக்குத் திரும்பியது. அந்நகரங்களில் ராக் ரசிகர் அருகிவிட்டனர் என்று யாரும் சொல்லார். விளம்பரதாரர் போட்ட கணக்கில் வேறொரு கூட்டம் கூடுதல் விலை பெற்றது, அவ்வளவே.

தமிழிலும் இச்சுவை இல்லாமலில்லை. கானாவையும் ராக்கையும் ராப்பையும் ஒருங்கிணைத்து 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவைக் கேட்கத் திரண்ட கூட்டமே அதற்குச் சாட்சி. அத்தகைய இசையைத் தன் பிரதான அடையாளமாகக் கொண்ட தமிழ்ப் பண்பலை நிலையம் ஒன்றும் இல்லை. கரகத்தோடு ஊர்வலம் வரும் நையாண்டி மேளமும், தென்பாண்டிச் சீமையின் வில்லுப்பாட்டும், திருவிழா இரவுகளில் ஆயிரக்கணக்கானோரைக் கட்டிப்போடுகிற ஆற்றல் படைத்தவையாயினும், தனியார் அலைவரிசையில் விருந்தாளிகளாகக்கூட அரிதாகவே வருகின்றன.

கணக்கில் வராத செவிகள்

பங்கீட்டு முறையின் குறையைக் கணக்கெடுப்பு முறை மேலும் பெரிதாக்குகிறது. டாம் என்ற கணிப்பு நிறுவனம் 2007இல் தொடங்கிய வானொலி நேயர் கணிப்பு, நாட்குறிப்பு முறையில், டில்லி, மும்பை, பெங்களூர், கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களை மட்டுமே அளந்தது. சென்னைக்கே அதில் இடமில்லையெனில், வெம்பக்கோட்டைக்கும் அருப்புக்கோட்டைக்கும் எங்ஙனம் கிட்டும்? விருதுநகர் வட்டாரத்தார் மதுரை நிலையங்களின் அலை எட்டுமளவும் கேட்கிறார்கள். கோடைமலையின் உச்சியிலிருந்து 100.5 மெகாஹெர்ட்சில் பத்துக் கிலோவாட் திறனோடு பல மாவட்டங்களைத் தழுவும் கோடை பண்பலையையும் விரும்பிக் கேட்கிறார்கள். ஆயினும் அவர்களுக்கென்றே எழுந்த தனியார் நிலையம் ஒன்றேனும் இல்லை. பிறருக்காகப் பேசப்படும் பேச்சை ஒட்டுக்கேட்பவர்களாகவே அவர்கள் இருக்கிறார்கள்.

இது வெறும் ரசனை விவகாரமன்று. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடைசெய்து, தீபாவளியன்று வெடிக்கும் நேரத்தையும் இரவு எட்டு முதல் பத்து மணிவரை என வரையறுத்தபோது, ஆலைகள் பல கதவடைத்தன. 'நாளை வேலை உண்டா?' என்ற ஒரே கேள்வியோடு பல்லாயிரம் குடும்பங்கள் காத்திருந்த அந்நாட்களில், தனியார் பண்பலைக்கு அதைப் பற்றிச் சொந்தமாகச் செய்தி சொல்லும் உரிமை இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றமின்றி எடுத்தொலிக்கவே விதி இடந்தருகிறது. கோடையின் வெப்பம் மருந்துக் கலவைக்கு எத்துணை ஆபத்தானது, மின்னல் தோன்றும் அறிகுறி கண்டால் செய்ய வேண்டியது யாது என்பன போன்ற உயிர்காக்கும் அறிவுரைகள், இந்த ஊரின் பேச்சில், இந்த ஊரின் வேலை நேரத்தில், நாள்தோறும் ஒலிக்க வேண்டியவை. விளம்பரக் கணக்கில் அவற்றுக்கு விலையில்லை.

இரு ஆட்சேபங்கள்

திரைப்பாடலே நாட்டுப்புற மெட்டையும் மேல்நாட்டு இசையையும் தன்னுள் அடக்கிய சமுத்திரமாதலால், தனி நிலையம் எதற்கு என்று ஒரு சாரார் வினவலாம். இளையராஜாவின் இசையைக் கேட்டு வளர்ந்த எவரும் அச்சமுத்திரத்தின் ஆழத்தை மறுக்கார். எனினும் திரைப்பாடல் கதையின் தேவைக்கும் நட்சத்திரத்தின் தோற்றத்துக்கும் கட்டுப்பட்ட கலை. அக்கட்டுக்கு வெளியே நின்று பாடுகிறவனுக்குச் சமுத்திரம் எவ்வளவு பெரிதாயினும் அதில் இறங்கப் படித்துறை இல்லை.

கைபேசியில் எல்லாம் கிடைக்கும்போது வானொலியைப் பற்றிய கவலை எதற்கு என்பது மற்றொரு ஆட்சேபம். வேண்டியதன் பெயர் தெரிந்தவருக்கே கைபேசி அதைத் தேடித் தரும்; பெயரே தெரியாத ஒன்றை வழியில் எதிர்ப்படச் செய்வது வானொலியின் தனிச்சிறப்பு. கட்டை அடுக்கும் கைக்குத் திரையைத் தடவ ஓய்வில்லை என்பதும், ஓர் ஊரே ஒரே வேளையில் ஒன்றைக் கேட்பதால் விளையும் பொது உணர்வு தனித்தனிக் காதொலிப்பான்களால் விளையாது என்பதும் கருதத்தக்கன.

செய்யத்தக்கது

2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 234 புதிய நகரங்களில் 730 தனியார் அலைவரிசைகளை ஏலமிட இசைந்தது. அப்பட்டியலில் நம் மாவட்டத்து ராஜபாளையமும் மூன்று அலைவரிசைகளோடு இடம்பெற்றது. மகிழத்தக்க செய்தியே. ஆனால், ஒருவர் ஒரு நகரின் அலைவரிசைகளில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் கொள்ளலாகாது, குறைந்தது மூவரேனும் இருத்தல் வேண்டும் என்ற விதிப்படி, ராஜபாளையத்தின் மூன்றும் மூன்று உரிமையாளர்களுக்கே போகும். ஸ்டைனரின் தர்க்கம் உண்மையாயின் மூவரும் திரைப்பாடலையே ஒலிப்பர். ஏகபோகத்தைத் தடுக்க எழுந்த நல்லெண்ண விதியே பன்மைக்குத் தடையாகும் விபரீதம் இது.

ஆதலால், மூன்றில் ஒன்றைத் திரைசாரா இசைக்கும் தொழிலாளர் நலனுக்கும் உரியதென ஒதுக்கி, அக்கடமைக்கு ஈடாக அதன் ஏலத் தொகையையும் ஆண்டுக் கட்டணத்தையும் குறைப்பது அரசு செய்யத்தக்க முதற்காரியம். நூறு வாட் திறனில் சுமார் பத்துக் கிலோமீட்டர் எட்டும் சமுதாய வானொலிக்கு 2006 முதல் தொண்டு நிறுவனங்களும் உரிமம் பெற வழியிருப்பதால், ஊர்ப் பெரியோரும் கல்லூரிகளும் தொழிற்சங்கங்களும் அவ்வழியில் முயல்வது இரண்டாவது. அகில இந்திய வானொலியை நடத்துவதும் விளம்பர லாபத்தை மட்டும் நம்பி வாழாததுமான பிரசார் பாரதி, கோடையிலிருந்தும் மதுரையிலிருந்தும் இப்பிரதேசத்துக்கென நாளொன்றுக்குச் சில மணிநேரமேனும் ஒதுக்குவது மூன்றாவது.

ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வரும் தீக்குச்சிக்கு நாடே காத்திருந்த காலத்தில், சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து, மழை பொய்த்த மண்ணில் அதை நிலைநாட்டினர். அவர்களுடைய ஊர், தன் குரலைத் தானே ஒலிக்க இன்னும் பிறர் வரவை எதிர்நோக்கியிருக்க வேண்டியதில்லை. ராஜபாளையத்து அலைவரிசைகள் ஏலம் போகுமுன், அவற்றில் எது ஒலிக்க வேண்டுமென்று இம்மாவட்டத்து ஜனங்கள் தம் பிரதிநிதிகளிடம் எழுத்துமூலம் கேட்பார்களாக.