மணப்பாட்டு மடலும் திருச்செந்தூர்க் கல்லும்

முத்துக்குளித்துறையில் பொதுப்பணத்தைக் கையாண்டவர்கள் யாருக்குக் கணக்குக் காட்டினார்கள்? இந்தக் கேள்வியோடுதான் மணப்பாட்டின் பழைய ஆவணங்களுக்குள் நுழைந்தேன். வரலாறு என்று கேட்டால் ஊரார் 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயத்தைக் காட்டுவார்கள். புனித சவேரியார் தங்கிய குகைக்கு அழைத்துப் போவார்கள். நான் தேடியது அவர் எழுதிய கடிதங்களை.

1544ஆம் ஆண்டில் மட்டும் சவேரியார் தம் உடன் ஊழியர் பிரான்சிஸ்கு மான்சிலாசுக்கு இருபதுக்கும் மேற்பட்ட மடல்கள் எழுதினார். அவற்றில் பல மணப்பாட்டில் இருந்தே போயின. ஷுர்ஹாமரும் விக்கியும் 1944-45இல் ரோமில் பதிப்பித்த தொகுப்பில் அவற்றைத் தேதி வரிசையில் படிக்கலாம். அப்படிப் படித்தால் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வருகிறது: கோஸ்மே தெ பைவா. அன்றைக்கு இந்தக் கரையின் போர்த்துக்கீசியக் கேப்டன். முத்துக்குளித்துறையில் அரசரின் அதிகாரம் அவர் கையில்தான் இருந்தது.

அந்த ஆண்டு செப்டம்பரில் தூத்துக்குடியில் கேப்டனின் வீடும் கப்பலும் எரிந்தன. அவர் அருகிலிருந்த தீவுகளில் தஞ்சம் புகுந்தார். கேப்டனோடு மனக்கசப்பு இருந்தும், தண்ணீரும் உணவும் ஏற்றித் தோணிகளை உடனே அனுப்பச் சொன்னார் சவேரியார். டிசம்பர் 18ஆம் தேதி கொச்சியிலிருந்து எழுதிய மடலில் அவர் குரல் மாறுகிறது. இந்தக் கரையில் செய்த கொள்ளைகளுக்காகவும், பேராசையால் தூத்துக்குடியில் நேர்ந்த தீங்குகளுக்காகவும் கேப்டன் தம் மனசாட்சியைச் சுத்தப்படுத்திக்கொள்ள வேண்டும் என்கிறார். தகாத வழியில் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க அறிவுறுத்தச் சொல்கிறார். அடுத்த மாதம் லிஸ்பனில் இருந்த தம் இயேசு சபைத் தோழர் சிமோன் ரொட்ரிகெசுக்கு எழுதும்போது, நண்பர் எவரையும் அரசுப் பதவியில் இந்தியாவுக்கு வரவிடாதீர்கள் என்று எச்சரிக்கிறார்.

குற்றச்சாட்டு கிடைத்துவிட்டது. அடுத்து, அது எந்த வழியாகப் போனது என்று பார்த்தேன். கொச்சி, கோவா, லிஸ்பன். பணமும் அதே வழியில்தான் போனது. இந்தக் கரையின் வரியில் 4,000 பணம் போர்ச்சுகல் ராணியின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. சவேரியார் முயன்று அதை உபதேசியார்களின் சம்பளத்துக்குத் திருப்பினார். நல்ல காரியம். ஆனால் அதற்கும் ராணியின் மனம் இரங்க வேண்டியிருந்தது. முத்தெடுக்க மூச்சடக்கி மூழ்கிய பரதவருக்கு அந்தக் கணக்கில் கேட்கும் உரிமை இல்லை. கேப்டனைக் கண்டிக்கவும் அவருடைய மனசாட்சியையே நம்ப வேண்டியிருந்தது.

ஊரார் கண்ணெதிரே வைத்த கணக்கு இந்தப் பக்கத்தில் எப்போதாவது இருந்ததா? தேடல் என்னைத் திருச்செந்தூருக்குக் கொண்டு சேர்த்தது. அங்கே 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் வரகுண மகாராசனின் நீண்ட வட்டெழுத்துக் கல்வெட்டு இருக்கிறது. முருகன் கோயிலுக்காக 1,400 காசு கொடுக்கப்பட்டது. கொற்கை உள்ளிட்ட பல ஊர்களிடம் அதைப் பிரித்து ஒப்படைத்தார்கள். முதல் கெடாமல் காசுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல் பொலிசையாக, அதாவது வட்டியாக, அளக்க வேண்டும். எந்த ஊர் எவ்வளவு வாங்கியது, எவ்வளவு நெல் தர வேண்டும், அந்த நெல் எந்தச் செலவுக்குப் போகும் என்பதெல்லாம் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன.

இந்த வட்டி திருச்செந்தூருக்கு மட்டும் தந்த சலுகையா என்று சரிபார்க்க அம்பாசமுத்திரம் கல்வெட்டை எடுத்தேன். அங்கே வரகுணன் கொடுத்தது 290 காசு. இளங்கோக்குடிச் சபை அளக்க வேண்டியது 580 கலம். அதே இரண்டு கலம்! ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்து எவரும் பெருக்கிப் பார்த்துத் தணிக்கை செய்ய முடிகிறது. கணக்கை வெளிப்படையாக எழுதி வைத்ததன் பலன் இது.

ஆனால் அந்தச் சபைகளில் யார் உட்கார்ந்தார்கள்? விடை, சுமார் கி.பி. 800ஐச் சேர்ந்த மானூர்க் கல்வெட்டில் இருக்கிறது. நிலப்பங்கும் வேதப் பயிற்சியும் நல்லொழுக்கமும் உடையவரே சபையில் கலந்துகொள்ளலாம். வலை இழுத்தவருக்கும் உப்பு வாரியவருக்கும் அங்கே இடமில்லை. கல்வெட்டில் கணக்கு இருந்தது. கேட்கும் உரிமை எல்லாருக்கும் இல்லை. மடல்களில் நியாயம் இருந்தது. ஊராரிடம் கணக்கு இல்லை.

இரண்டையும் சேர்த்துத் தந்தவை நம் காலத்துச் சட்டங்கள். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். 2005இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போடலாம். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். ஆவணங்களை நேரில் பார்வையிடவும் நகல் கேட்கவும் உரிமை உண்டு. பதில் வராவிட்டால் மேல்முறையீடு உண்டு.

இந்த உரிமைக்கு இப்போது கூடுதல் தேவை இருக்கிறது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்து, தூத்துக்குடி உட்பட 28 மாவட்டங்களின் ஊராட்சி நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. தேர்தல் தள்ளிப்போகும் காலத்தில் தலைவரை மாற்ற மக்களிடம் வாக்கு இல்லை. கேள்வி மட்டுமே இருக்கிறது.

ஆகவே மணப்பாட்டாருக்கும் எல்லா ஊராருக்கும் ஒரு வேண்டுகோள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களிலும் கிராம சபைக்குப் போங்கள். வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்கள். புரியாததைக் கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் உங்கள் கேள்வியையும் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.