மரபணு சொல்லும் வரலாறு: பாக்கு விரிகுடாக் கரையும் தமிழர் உடல்நலமும்

இராமநாதபுரம் மாவட்டத்தில் பாக்கு விரிகுடாவின் கரையில் அமைந்துள்ள ஊர் தேவிபட்டினம். நவபாஷாணம் எனப்படும் ஒன்பது கற்கள் இவ்வூரில் கடலுக்குள்ளேயே நிற்கின்றன. அந்த அளவுக்கு இக்கடல் ஆழம் குறைந்தது. விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்தைக்கூடத் தாண்டுவதில்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனிக்காலத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது இவ்விரிகுடா வறண்ட நிலமாக இருந்தது. தமிழகமும் இலங்கையும் ஒரே நிலப்பரப்பாக இணைந்திருந்தன.

ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்ட மனிதர்களில் ஒரு பிரிவினர் கடலோரமாக நகர்ந்து தென்னிந்தியா வழியே ஆஸ்திரேலியா வரை சென்றனர் என்பது மானிடவியலில் முக்கியமான ஒரு கருத்து. அவர்கள் வந்த காலத்திலும் கடல் இன்றையதைவிடத் தாழ்ந்தே இருந்தது. எனவே அவர்கள் தங்கிச் சென்ற கரைகள் பல இன்று நீருக்கடியில் உள்ளன. அங்கு அகழாய்வு செய்வது அரிது. இந்த இடைவெளியை நிரப்ப உதவும் சான்றுகளில் ஒன்று, இன்று வாழும் மக்களின் குருதியில் உள்ள டி.என்.ஏ.

மதுரையில் கிடைத்த தடயம்

தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்வது ஒய் குரோமோசோம். அதில் எப்போதாவது நிகழும் சிறு மாற்றம், பின்வரும் ஆண் வழியினர் அனைவரிடமும் அடையாளமாகத் தங்கிவிடும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பனும் அமெரிக்க மரபியலாளர் ஸ்பென்சர் வெல்சும் மேற்கொண்ட ஆய்வில், மதுரைக்கு மேற்கேயுள்ள ஜோதிமாணிக்கம் என்ற சிற்றூரில் எம்130 என்னும் மிகப் பழைய அடையாளம் கண்டறியப்பட்டது. இதே அடையாளத்திலிருந்து கிளைத்த வழிகள் ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் காணப்படுகின்றன. கடலோரப் பயணக் கருத்துக்கு இது வலுச் சேர்த்தது.

ஆனால் இச்செய்தி பரவியபோது, ஒரு குறிப்பிட்ட ஊரினரோ சமூகத்தினரோதான் ‘முதல் இந்தியர்’ என்பதுபோன்ற எண்ணமும் உடன் பரவியது. மரபியல் அவ்வாறு கூறவில்லை. ஒருவருக்குப் பத்துத் தலைமுறைக்கு முன் 1,024 முன்னோர் இடங்கள் உண்டு. ஒய் குரோமோசோம் அவற்றுள் ஒரே ஒருவரைப் பற்றி மட்டுமே பேசும். எஞ்சிய 1,023 இடங்களையும் சேர்த்துப் பார்த்தால், அடையாளம் உள்ளவரும் இல்லாத அவருடைய அண்டை வீட்டாரும் பெருமளவு ஒரே கலப்பின் வழிவந்தவர்களே.

கலப்பும் அடைப்பும்

ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோர் அமெரிக்க மரபியலாளர் டேவிட் ரைக் குழுவினருடன் இணைந்து 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆய்வுக்கு உட்பட்ட இந்திய நிலப்பகுதி மக்களில் பெரும்பாலோர் இரு தொன்மையான மக்கள்தொகைகளின் கலப்பில் வந்தவர்கள் என்பது அதன் முடிவு. இக்கலப்பு சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை நிகழ்ந்தது என்றும், அதன்பின் தத்தம் குழுவுக்குள்ளேயே மணம் செய்யும் அகமண வழக்கம் இறுகியது என்றும் 2013-இல் வெளியான ஆய்வு கணித்தது. தமிழகத்தின் 31 சமூகங்களைச் சேர்ந்த 1,680 ஆண்களிடம் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வு, இப்பிரிவு அதைவிடப் பழமையானது என்றது. காலக் கணிப்பில் வேறுபட்டாலும், முதலில் கலப்பு, பின்னர் அடைப்பு என்ற வரிசையில் இரண்டும் ஒத்துப்போகின்றன.

வரலாறு விட்டுச்சென்ற நோய்கள்

அந்த அடைப்பின் விளைவு மருத்துவமனைகளில் தெரிகிறது. ஒரு குழு சிறிய எண்ணிக்கையினரிடமிருந்து பெருகி, வெளியே மணம் செய்யாமல் இருந்தால், தொடக்கத்தில் ஒருவரிடம் இருந்த அரிய மரபணுக் குறை பலரிடம் பரவும். இது ‘நிறுவனர் விளைவு’ எனப்படுகிறது. தாயும் தந்தையும் ஒரே குறையைச் சுமந்தால், பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மாமன், அத்தை மக்களை மணப்பதால் மட்டுமே இது நேரும் எனப் பலர் கருதுகின்றனர். உறவே இல்லாதவரை மணந்தாலும், அவர் அதே சிறு சமூகத்தவராக இருந்தால் இந்த வாய்ப்பு ஓரளவு நீடிக்கும்.

வைசியர் சமூகத்தில் பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியின் குறை அதிகம். இதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2006-இல் விவரித்தவர்களுள் கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இருந்தனர். அறுவைச் சிகிச்சையில் தசையைத் தளர்த்தத் தரப்படும் சக்சினைல்கோலின் மருந்து இவர்கள் உடலில் விரைவாகச் சிதையாது. மூச்சு நெடுநேரம் திரும்பாமல் போகலாம். முன்பே தெரிந்தால் மருத்துவர் வேறு மருந்தைத் தேர்வு செய்யலாம். ஓர் உயிரைக் காக்க அதுவே போதும்.

அடைப்புக்கு முந்தைய காலத்தின் மரபும் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் தண்டபாணி, தங்கராஜ் முதலியோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, இதயத் தசையின் புரதம் ஒன்றுக்கான மரபணுவில் 25 எழுத்துகள் நீங்கிய மாற்றத்தை இதயத் தசை நோயுடன் தொடர்புபடுத்தியது. தெற்காசியரில் சுமார் 4 விழுக்காட்டினர் இதைச் சுமக்கின்றனர். மாற்றத்தின் வயது ஏறத்தாழ 33,000 ஆண்டுகள் எனக் கணிக்கப்பட்டது. அதாவது இன்றைய எந்தச் சாதியும் தோன்றுவதற்கு முன்பே இது தோன்றிவிட்டது. சுமப்போர் அனைவரும் நோயாளிகள் ஆவதில்லை. இம்மாற்றத்துடன் அதே மரபணுவில் வேறொரு மாற்றமும் சேர்ந்திருப்போரிடமே இதயத்தின் இயக்கம் மாறுபடுவதாக 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது.

பயனும் எல்லையும்

2017-இல் வெளியான ஓர் ஆய்வு, 260-க்கும் மேற்பட்ட தெற்காசியக் குழுக்களுள் 81 குழுக்களில் நிறுவனர் விளைவு பின்லாந்து மக்களைவிட வலுவாக இருப்பதைக் கண்டது. அவற்றுள் 14 குழுக்கள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள்தொகை கொண்டவை. தீர்வு அறியாததன்று: சைப்ரஸ் நாடு திருமணத்துக்கு முந்தைய பரிசோதனையின் மூலம் கடும் தலசீமியாவுடன் குழந்தைகள் பிறப்பதைப் பெருமளவு தடுத்துள்ளது. இந்தியாவிலும் 10,000 பேரின் முழு மரபணுத் தொகுதிகளைப் படித்த ‘ஜீனோம் இந்தியா’ திட்டம் இத்தகைய பணிக்கு அடித்தளம் இடுகிறது.

மரபணு ஆய்வு எந்தச் சமூகத்துக்கும் மூத்த குடி என்ற பட்டமோ தூய குருதி என்ற சான்றோ தருவதில்லை. தமிழகக் கரைக்கு வந்தவர்கள் கலந்தார்கள், பின்னர் தனித்தனியாகப் பிரிந்து நின்றார்கள் என்பதையே அது காட்டுகிறது. பெருமையாகக் கருதப்பட்ட அந்தப் பிரிவின் சுமையை, நோயுடன் பிறக்கும் குழந்தைகளே இன்று சுமக்கின்றன.