சாம்ப்ளர் குயில்ட் என்றால் என்ன? கர்நாடகத்தின் 'கௌதி' ஏன் அதற்கு நெருங்கிய சொந்தம்?

பெங்களூருவில் ஒரு கைவினைச் சந்தை. பல நிறத் துணித்துண்டுகளை இணைத்துத் தைத்த போர்வை ஒன்று உங்கள் கண்ணில் படுகிறது. விலையைக் கேட்டதும், 'பழைய துணிக்கா இவ்வளவு?' என்று தோன்றும். நீங்கள் கொடுப்பது அதைத் தைத்த கைகளின் நேரத்துக்கான காசு. பேரம் பேசும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

சாம்ப்ளர் என்றால்?

மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைத்தால் அது குயில்ட். அதில் ஒவ்வொரு கட்டமும் வேறு வேறு டிசைனில் இருந்தால் சாம்ப்ளர். தையல் கிளாஸில் காஜா, ஹெம்மிங் என்று ஒவ்வொன்றாகத் தைத்து நோட்டில் ஒட்டுவார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. கற்றதெல்லாம் ஒரே போர்வையில் இருக்கும்.

இதில் பெயர்பெற்றது அமெரிக்காவின் வெர்மான்ட் மாகாணத்தில் ஜேன் ஸ்டிக்கிள் தைத்த குயில்ட். 169 சதுரக் கட்டங்கள், மொத்தம் 5,602 துண்டுகள். உள்நாட்டுப் போர் நடந்த 1863-ல் முடித்தவர், அது போர்க்காலத்தில் தைத்தது என்பதையும் அதன் மேலேயே எழுதிவைத்தார்.

நம்ம பக்கத்தில்?

வட கர்நாடக வீடுகளில் பழைய புடவைகளை அடுக்கி, மேலே துண்டுகள் வைத்து, ரன்னிங் ஸ்டிட்ச் போட்டுத் தைப்பது கௌதி. பஞ்சு தேவையில்லை. பழைய துணிதான் கதகதப்பு.

உத்தர கன்னட மாவட்டத்தில் யெல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பகுதிகளில் வாழும் சித்தி மக்கள் ஆப்பிரிக்க வம்சாவளியினர். 2003-ல் பட்டியல் பழங்குடி அந்தஸ்து பெற்றவர்கள். இவர்கள் தைப்பது 'கவந்தி'. ஓரத்தில் ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருவார்கள். வரைபடம் கிடையாது, அடுத்த துண்டைக் கண்தான் முடிவு செய்யும். நான்கு மூலைகளிலும் மடித்த துணியில் 'பூ' வைத்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். 2011-ல் இந்தப் போர்வைகள் நியூயார்க்கின் ஷோம்பர்க் மையத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

சண்டூர் லம்பாணி பெண்களின் எம்பிராய்டரிக்குப் புவிசார் குறியீடு உண்டு. 2023 ஜூலையில் ஹம்பியில் நடந்த ஜி20 கூட்டத்தின்போது, 450-க்கும் மேற்பட்ட பெண்கள் உருவாக்கிய 1,755 ஒட்டுத்துணி வேலைப்பாடுகள் கின்னஸ் சாதனை படைத்தன.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

* பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். கைத்தையல் என்றால் அங்கேயும் தெரியும், கொஞ்சம் ஏறி இறங்கியும் இருக்கும்.
* விரலால் தடவுங்கள். ஒட்டுப் போட்டதுபோல ஒரே துணியில் அச்சடித்து விற்பதும் உண்டு. இணைப்பு கையில் தட்டுப்படாவிட்டால் அது வெறும் பிரின்ட்.
* எந்த ஊர், யார் தைத்தது, எத்தனை நாள் ஆனது என்று கேளுங்கள். பெண்கள் குழுக்களே நேரடியாக விற்றால் அங்கே வாங்குங்கள்.

வீட்டுப் பெண்களின் வேலை என்பதால் இந்த உழைப்பைப் பெரும்பாலும் யாரும் கணக்குப் பார்த்ததில்லை. தைக்கிறவருக்கு நாட்கூலிகூடக் கட்டுப்படியாகாவிட்டால், மகளுக்குக் கற்றுக்கொடுக்க அவருக்கு என்ன காரணம் இருக்கும்?

நீங்களே தைக்க?

துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்தித் துணி போதும். ஒரே கனமுள்ள துண்டுகளாகத் தேர்ந்தெடுத்து, முதலில் ஒரு தலையணை உறை அளவுக்கு முயலுங்கள். ஊருக்குப் போகும்போது அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தூளி கட்டிய புடவை இன்னும் பீரோவில் இருக்கலாம்.